512 பைட்டுக்குள் அடங்காத 24

தேவாரம் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்கள் வீட்டுப் பரணில் ஒரு விலையில்லா மடிக்கணினி இன்னும் கிடக்கலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் ஏற்றித் தந்தார்கள். அதைத் திறந்து, கருப்புத் திரையில் கட்டளை தட்டிப் பார்த்தவர்களுக்குச் ‘சூடோ’ பழக்கமாகியிருக்கும். அனுமதி பெற்ற சாதாரணப் பயனருக்கு நிர்வாகியின் அதிகாரத்தைத் தரும் கட்டளை. அதன் கதைக்கு வருமுன் ஒரு மூத்த கதை.

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், தானே பரவும் நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். அது நுழைந்த வாசல்களில் ஒன்று ‘ஃபிங்கர்’. கணினியில் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்லும் எளிய சேவை. கேள்வியை வாங்கி வைக்க அதில் ஒதுக்கிய இடம் 512 பைட். மோரிஸின் நிரல் அனுப்பியதோ 536. அதை வாங்கிய ‘கெட்ஸ்’ என்ற சி மொழிச் செயற்கூறு, வருவது எவ்வளவு என்று பார்க்கவே பார்க்காது. மடை மாற்ற மறந்தால் அடுத்த பாத்தியில் தண்ணீர் ஏறுவதுபோல, மிஞ்சிய 24 பைட் பக்கத்து நினைவகத்தில் ஏறியது. வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி இருந்த இடம் அது. முகவரி மாறியதும் வாக்ஸ் கணினிகள் வெளியிலிருந்து வந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தன. சுமார் 6,000 கணினிகள் சிக்கின என்பது அன்றைய மதிப்பீடு.

இத்தனைக்கும் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972-லேயே அமெரிக்க விமானப் படைக்கான அறிக்கையில் இந்த வகைத் தாக்குதலை விவரித்திருந்தார். கெட்ஸைச் சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்க 2011 வரை ஆனது. மன்னிக்க முடியாத தாமதம்.

அதே 2011-இல், ஜூலை மாதம், சூடோவின் மூலநிரலில் ஒரு பிழை புகுந்தது. கட்டளையோடு தரும் சொல் ஒற்றைப் பின்சாய்கோட்டில் முடிந்தால், அதன் எல்லையைத் தாண்டியும் நகலெடுத்துக்கொண்டே போகும். கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் கடவுச்சொல் இல்லாமலே முழு அதிகாரத்தையும் பிடித்துவிடலாம். குவாலிஸ் நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். 2021 ஜனவரி 26 அன்று திருத்தமும் விவரமும் வெளியாயின. ஒன்பதரை ஆண்டுகள்! மூலநிரல் அத்தனை காலமும் எல்லோர் பார்வைக்கும் திறந்தே இருந்தது. யாராவது படித்திருப்பார்கள் என்று ஆளாளுக்கு நம்பியிருந்துவிட்டோம்.

போடி அரசு பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். லினக்ஸ் கணினி இருந்தால் இன்றே அப்டேட் செய்யுங்கள். அப்படியே சூடோவின் மூலநிரலையும் இறக்கிக்கொண்டு, வரி வரியாகப் படியுங்கள்.