வெடிக்காத வெடியைப் பொறுக்கியவர்கள்

எங்க ஊர் எம். புதுப்பட்டியில் தீபாவளிக்கு மறுநாள் காலையில் பசங்களுக்கு ஒரு வேலை உண்டு. தெருவில் கிடக்கும் காகிதக் குப்பையைக் கிளறி, வெடிக்காமல் போன வெடிகளைப் பொறுக்குவது. திரி மட்டும் கருகியிருக்கும், உள்ளே மருந்து அப்படியே இருக்கும். "வெடிக்காததைத் தொடாதடா" என்று பெரியவங்க கத்துவாங்க. பட்டாசு ஆலைகளுக்கு நடுவில் இருக்கிற ஊரில் அந்தக் கத்தலுக்கு அர்த்தம் வேற. எனக்கும் ஒரு தடவை புருவம் கருகியிருக்கு.

2004-ம் வருஷம் தீபாவளி முடிந்த சில நாளில், நவம்பர் 16 அன்று, அமெரிக்காவில் ஒரு வீடியோ கேம் வெளிவந்தது. பெயர் 'வேம்பயர்: தி மாஸ்கரேட் - பிளட்லைன்ஸ்'. அதுவும் வெடிக்காத வெடிதான். அதைப் பொறுக்கியெடுத்தவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் செய்தவர்களைப் பார்ப்போம். டிம் கெய்ன், லெனார்ட் போயர்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூவரும் 1997-ல் வந்த 'ஃபால்அவுட்' கேமில் முக்கியப் பங்கு வகித்தவர்கள். 1998-ல் வெளியே வந்து 'ட்ராய்கா கேம்ஸ்' என்ற சொந்தக் கடையைத் திறந்தார்கள். ஏழு வருஷத்தில் மொத்தம் மூன்றே கேம்: ஆர்கேனம் (2001), தி டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில் (2003), பிளட்லைன்ஸ் (2004). மூன்றுக்கும் ஒரே விமர்சனம்தான் வந்தது: யோசனை பிரமாதம், பக் தாங்க முடியலை.

பிளட்லைன்ஸின் அடிப்படை, மார்க் ரெயின்ஹேகன் 1991-ல் உருவாக்கிய, மேஜையில் உட்கார்ந்து பேசியும் பகடை உருட்டியும் ஆடும் ஒரு ஆட்டம். ரத்தக்காட்டேரிகள் நம் நடுவிலேயே, நம் நகரங்களிலேயே மறைந்து வாழ்கின்றன; தாங்கள் இருப்பது மனிதர்களுக்குத் தெரியவே கூடாது என்பது அவற்றின் முதல் சட்டம். அந்த வேஷத்துக்குப் பெயர்தான் மாஸ்கரேட். கேமில் இந்தச் சட்டத்தை ஐந்து முறை மீறினால் ஆட்டம் முடிந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு அம்புலிமாமா ஞாபகம் வந்தது. விக்கிரமாதித்தன் வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில் ஏறிவிடும், மறுபடி முதலிலிருந்து. ரிச்சர்ட் பர்ட்டன் 1870-ல் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டு போனபோது வேதாளத்துக்கு 'வேம்பயர்' என்றே பெயர் வைத்தார். சரியான மொழிபெயர்ப்பு இல்லை. வேதாளத்தின் வேலை ரத்தம் குடிப்பது இல்லை, பிணத்துக்குள் புகுந்து கதை சொல்வது. ஆனால் பிளட்லைன்ஸ் ஆடிய பிறகு, பர்ட்டன் அவ்வளவு தப்பு பண்ணவில்லையோ என்று தோன்றியது. ஏன்னா இந்தக் கேமின் பலமும் பேச்சுதான்.

லாஸ் ஏஞ்சலஸ்தான் களம். சான்டா மோனிகா, டவுன்டவுன், ஹாலிவுட், சைனாடவுன் என்று நாலு பகுதிகள், எப்போதும் இரவு. தொடக்கத்தில் ஏழு குலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், குலத்தைப் பொறுத்து உலகமே மாறும். நோஸ்ஃபெரட்டு குலத்தின் முகம் கோரமானது. தெருவில் நடந்தாலே சட்ட மீறல், அதனால் சாக்கடை வழியாகத்தான் போகணும். மால்கேவியன் குலத்துக்குப் புத்தி பேதலிப்பு. அந்தக் குலத்தை எடுத்தால் நாம் பேசும் வசனங்கள் எல்லாம் வேறு எழுத்துருவில், வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். டிவியில் செய்தி வாசிப்பவர் நம்மிடம் பேசுவார். சாலையோர 'நில்' பலகையோடு வாக்குவாதம் பண்ணலாம். ஓஷன் ஹவுஸ் என்ற பாழடைந்த ஹோட்டலுக்குள் போகும் அத்தியாயத்தில் சண்டை போட ஒரு எதிரிகூட கிடையாது. விளக்கு, சத்தம், தானாக விழும் சாமான்கள், அவ்வளவுதான். எனக்கு முதுகு சில்லிட்டது.

இப்ப குறைகளுக்கு வருவோம். முதல் பாதியில் பேசியும் ஏமாற்றியும் ஒளிந்தும் தப்பிக்கலாம். பின்பாதியில் எல்லாமே அடிதடி. பேச்சுத்திறமையில் புள்ளிகளைக் கொட்டியவன் அங்கே மாட்டிக்கிட்டு முழிப்பான். ஹாலிவுட் சாக்கடைகள் முடிவே இல்லாமல் நீளும். கதையின் ஒரு முக்கியமான கட்டத்தில், அடுத்த இடத்துக்குப் போக வேண்டிய நேரத்தில், கேமே விழுந்துவிடும் ஒரு பக்கும் இருந்தது. அதாவது காசு கொடுத்து வாங்கினவனால் கதையை முடிக்க முடியாது!

ஏன் இப்படி ஆச்சு? வால்வ் நிறுவனத்தின் 'சோர்ஸ்' எஞ்சின் தயாராகிக்கொண்டிருந்தபோதே அதன் மேல் ட்ராய்கா கட்டடம் எழுப்பியது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதன் வலி புரியும்: அஸ்திவாரம் காயும் முன்னே மாடி. அதோடு, வால்வின் சொந்தக் கேமான 'ஹாஃப்-லைஃப் 2'வுக்கு முன்னால் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தம். கடைசியில் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அதற்கு ஒரு வாரம் முன்னால் 'ஹேலோ 2', ஒரு வாரம் பின்னால் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்'. இந்தக் கூட்டத்தில் யார் இதைத் திரும்பிப் பார்ப்பாங்க? 2005 பிப்ரவரியில் ட்ராய்கா மூடப்பட்டது. பழுது பார்க்க ஆள் இல்லை.

இங்கேதான் பொறுக்குகிறவர்கள் வருகிறார்கள். முதலில் டான் அப்ரைட் என்ற ரசிகர் ஒரு பேட்ச் போட்டார். பிறகு அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் வெர்னர் ஸ்பால், ஜெர்மனிக்காரர். தொழில் பகுப்பாய்வு வேதியியல், மென்பொருள் இல்லை. மூலநிரல் அவரிடம் கிடையாது. ஆனால் கேமின் வசனங்களும், பைத்தானில் எழுதிய ஸ்கிரிப்டுகளும், வரைபடங்களும் திருத்தக்கூடிய கோப்புகளாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சரி செய்தார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பதினைந்து வருஷத்துக்கும் மேல். இன்று ஜிஓஜி கடையில் இந்தக் கேமை வாங்கினால் அவருடைய பேட்சோடு சேர்ந்தே வருகிறது.

கதை இத்தோடு முடிந்தால் நல்லாத்தான் இருக்கும். சிக்கல் இனிமேல்தான். ஸ்பாலின் பேட்சில் இரண்டு வகை. 'பேசிக்' பக்குகளை மட்டும் சரி செய்யும். 'பிளஸ்' அதற்கு மேலே போய், ட்ராய்கா பாதியில் விட்ட இடங்களையும் வசனங்களையும் கோப்புகளுக்குள்ளிருந்து தோண்டி எடுத்துச் சேர்க்கும், சில விதிகளையும் மாற்றும். நான் முதல்முறை பல வருஷம் கழித்து ஆடியபோது, வித்தியாசம் தெரியாமல் பிளஸ்ஸைப் போட்டுவிட்டேன். நண்பர் ஒருவரிடம், "இந்த ஒரு இடம் போதும்டா, ட்ராய்காவின் எழுத்துக்கு" என்று அரை மணி நேரம் பேசினேன். அவர் பழைய வட்டில் ஆடியவர். "அப்படி ஒரு இடமே கேமில் இல்லையே" என்றார். தேடிப் பார்த்தால், அது பிளஸ்ஸில் சேர்த்தது. வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லிக்கிட்டு, எது மூலம் எது சேர்ப்பு என்றுகூடப் பார்க்காமல் பேசியிருக்கிறேன்.

இந்தக் கேள்வி நம்மூருக்குப் புதுசு இல்லை. உ.வே.சா. 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்ததும் செல்லரித்த, ஒன்றுக்கொன்று முரண்பட்ட ஏடுகள். அவர் அளவுக்குத் தமிழ் தெரிந்தவர், விட்டுப்போன அடிகளைத் தானே எழுதி நிரப்பியிருந்தால் யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்? அவர் அதைச் செய்யவில்லை. சிதைந்த இடத்தில் புள்ளி வைத்தார். ஏடுகளுக்குள் வேறுபாடு இருந்தால் பிரதிபேதம் என்று தனியே காட்டினார். 267, 268-ம் பாடல்கள் இன்றைக்கும் இல்லை. அந்த எண்கள் காலியாகவே நிற்கின்றன.

அப்போ பிளஸ் தப்பா? நான் அப்படிச் சொல்லலை. ஏடு வேறு, கேம் வேறு. புள்ளி வைத்த பாட்டைப் படிக்க முடியும். விழுந்துபோகும் கேமை ஆட முடியாது. யாராவது கை வைத்துத்தான் ஆகணும். ஸ்பால் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது பக்குகளைத் திருத்தியதை இல்லை, பேசிக், பிளஸ் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்ததை. இது அவர்கள் செய்தது, இது நான் சேர்த்தது என்று ஒரு கோடு. பிரதிபேதத்துக்கும் இதுக்கும் அதிக தூரம் இல்லை. அந்தக் கோட்டைப் பார்க்காமல் தாண்டியது என் தப்பு, அவருடையது இல்லை.

2019-ல் அறிவித்த 'பிளட்லைன்ஸ் 2', நடுவில் தயாரிப்பு நிறுவனமே மாற்றப்பட்டு, ஆறு வருஷ இழுபறிக்குப் பிறகு 2025 அக்டோபரில்தான் வந்தது. அதைப் பற்றி வேறு பதிவில் பேசலாம்.

பழையதை ஆட நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை: முதல்முறை பேசிக். மால்கேவியனை இரண்டாவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கதை தெரிந்த பிறகுதான் அந்தப் பிதற்றலில் ஒளிந்திருப்பது புரியும். ஹாலிவுட் சாக்கடைக்குப் போகும் முன் சண்டைக்குக் கொஞ்சம் புள்ளி சேர்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் அதற்கப்புறம். இரண்டையும் ஆடிவிட்டு, எது யாருடையது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நான் இப்பத்தான் அதைச் செய்துகிட்டு இருக்கேன்.