பொருநைக் கரையின் பதக்கங்கள்

ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, ஒரு கல்லூரியும் இருக்கிறது. பரமகல்யாணி, பக்கத்துச் சிவசைலத்தில் சிவசைலநாதரோடு கோயில் கொண்டிருக்கும் அம்மன். பள்ளிக்கும் கல்லூரிக்கும் துணை நின்றவரின் பெயர் வேறு. 1905இல் இவ்வூரில் பிறந்து, சென்னையில் சிம்சன் நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்து, அமால்கமேஷன்ஸ் குழுமத்தை உருவாக்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் அவர். கொடுத்தவர் பெயர் விழ வேண்டிய இடத்தில் ஊர்த் தாயின் பெயர் விழுந்திருக்கிறது. தம் மகனுக்கும் அவர் சிவசைலம் என்றுதான் பெயர் வைத்தார்.

பெயரைப் பொறித்து வைக்கும் மரபும் இந்தப் பொருநைப் பள்ளத்தாக்கில் பழையதுதான். மன்னார்கோவிலில் பெருமாள் கோயிலைக் கட்டிய சேர மன்னன் ராஜசிம்மன், 11ஆம் நூற்றாண்டில், தன் மேலரசனின் பெயரால் அதை ராஜேந்திர சோழ விண்ணகரம் ஆக்கினான். விளக்கெரிக்க, எண்ணிக்கை குறையாத மந்தையாக 'சாவா மூவாப் பேராடு' விட்டவர்களையும் நிலம் எழுதி வைத்தவர்களையும் கோயில் சுவர்கள் ஆயிரம் ஆண்டுகளாக மறக்கவில்லை. ஆனால் அணைக்கட்டில் கல் சுமந்தவரையும் வாய்க்காலில் மண் அள்ளியவரையும் அந்தச் சுவர்களில் தேடினால் கிடைப்பது அரிது. கொடையைக் கல் கணக்கு வைத்தது; உழைப்பை வைக்கவில்லை.

உழைப்புக்கென்று அரசு கொடுத்த விருது வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. இந்தியாவில் பொதுச் சேவை செய்தவர்களுக்காக விக்டோரியா மகாராணி 1900இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தை ஏற்படுத்தினார். 1915இல் அதைப் பெற்ற காந்தி, ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய 1920இல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் களக்காட்டை அடுத்த டோனாவூரில் ஒரு பெண் அதே பதக்கத்தை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்.

அவர் ஏமி கார்மைக்கேல். வட அயர்லாந்தில் 1867இல் பிறந்தவர். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளுக்கு 1901 முதல் அடைக்கலம் கொடுத்தவர். 1919இல் பதக்கப் பட்டியலில் தம் பெயர் இருப்பதை அறிந்ததும், தம்மை விட்டுவிடும்படி சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். மறுப்பது மரியாதையில்லை என்று சுற்றியிருந்தவர்கள் எடுத்துச் சொன்ன பிறகே இசைந்தார். அப்போதும் சென்னையில் நடந்த விழாவுக்கு அவர் போகவில்லை.

பணிவு என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. அந்தப் பதக்கத்தில் பங்குள்ள இன்னொருவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்திருந்தார். பொன்னம்மாள், இளம் வயதிலேயே கணவனை இழந்த தமிழ்ப் பெண். கார்மைக்கேல் அடைக்கலம் கொடுத்த கைக்குழந்தைகளின் காப்பகத்தை நெய்யூரில் நடத்தியவர் அவர்தான். தாய்ப்பால் இல்லாத சிசுக்களை உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. 1915இல் புற்றுநோயால் மறைந்த பொன்னம்மாளுக்கு எந்த அரசும் எதுவும் தரவில்லை. கார்மைக்கேல் அவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இன்றைக்கு நமக்குப் பொன்னம்மாளைத் தெரியும் என்றால் அந்தப் புத்தகமே காரணம். நெல்லைச் சீமையில் ஒரு ஊழியருக்குக் கிடைத்த மிகச் சிறந்த கௌரவம் அதுவாகத்தான் இருக்கும். கார்மைக்கேல் 1951இல் காலமானார். தம் கல்லறையில் கல் நட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வளர்த்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, அதில் 'அம்மை' என்று மட்டும் எழுதினார்கள்.

விடுதலைக்குப் பின் 1954இல் பத்ம விருதுகள் வந்தன. தென்காசி பக்கத்து ஆய்க்குடிக்கு அவற்றில் ஒன்று வந்து சேர 2020 ஆயிற்று. அதைப் பெற்ற எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல், கடற்படை அதிகாரித் தேர்வில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக, 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஐ.நா.வின் ஊனமுற்றோர் ஆண்டு. தசைச் சிதைவு நோயுள்ள கணக்காயர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். நாட்டின் பார்வை இந்த இருவர் மேலும் விழுந்தது நியாயமே. ஆனால் சங்கத்தின் வேலை ஆய்க்குடி வளாகத்தோடு நிற்பதில்லை. பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய், குழந்தையின் கையையும் காலையும் பிடித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள், தாய்க்கும் கற்றுத் தருகிறார்கள். பொன்னம்மாளின் வரிசையில் வருகிறவர்கள் இவர்கள்.

2023இல் பத்மஸ்ரீ பெற்ற 'பாலம்' கல்யாணசுந்தரம் மேலக்கருவேலன்குளத்துக்காரர். ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்து, சம்பளத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தம் செலவுக்கு வேறு சிறு வேலைகள் பார்த்தவர்.

குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் மாவட்ட ஆட்சியர் நற்சான்றிதழ் வழங்குவது வழக்கம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு, ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் அதற்குப் பாளையங்கோட்டை வரை போக வேண்டியதில்லை. தூரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பங்கு அரசு ஊழியர்களுடையது. சம்பளமில்லாமல் வேலை செய்கிறவருக்குப் பரிந்துரை எழுத மேலதிகாரி கிடையாது. பத்ம விருதுக்கு யாரும் யாரையும் இணையவழி பரிந்துரைக்கலாம் என்று ஆகிவிட்டது. மாவட்ட அளவிலும் அந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்க வேண்டும். உட்கார்ந்து எழுதித் தர ஊரில் ஆளும் வேண்டும்.

எழுத வேண்டிய செய்திக்குப் பஞ்சமில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில், கல்யாணசுந்தரம் வேலை பார்த்த அதே ஸ்ரீவைகுண்டத்தில், திருச்செந்தூர் விரைவு ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு சிக்கி நின்றது. சுற்றிலும் தண்ணீர், தண்டவாளத்தின் அடியில் மண் அரித்துப் போயிருந்தது. பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டு அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். மீட்புக் குழுவும் ஹெலிகாப்டரும் அதற்குப் பிறகுதான் வந்தன.