இந்தியச் சாலைகள் காங்கிரஸும் நுண்ணறிவுப் போக்குவரத்தும்

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் தொழில்முறைச் சங்கம், தலைமையகம் புது தில்லியில் உள்ளது. சிக்னல், மின்னணு அறிவிப்புப் பலகை, கண்காணிப்புக் கேமரா, சுங்கக் கட்டண வசூல் முதலியவற்றை உள்ளடக்கிய நுண்ணறிவுப் போக்குவரத்துக்கென அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனிச் சங்கங்கள் முன்னின்றன. இந்தியாவில் அந்த வேலையின் கணிசமான பகுதி, மண்ணையும் தாரையும் ஆராய வந்த இந்தப் பழைய சங்கத்தின் தலையில் விழுந்தது.

தோற்றத்துக்குக் காரணம் மோட்டார் வண்டி. டி. வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூர்–புதுக்கோட்டைத் தடத்தில் பஸ் விட்ட காலத்தில், செட்டிநாட்டுப் பக்கத்துச் சாலைகள் மாட்டு வண்டிக்காகப் போட்ட சரளைச் சாலைகளே. வண்டியின் இரும்புப் பட்டை கல்லை நொறுக்கினாலும் அந்தத் தூள் இடுக்குகளை நிரப்பிவிடும். வேகமாக ஓடும் ரப்பர் டயரோ தூளை உறிஞ்சி எடுத்துக் கல்லைப் பெயர்த்துவிட்டது. நாடு முழுவதும் இதே கதைதான். 1927-ல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் அமைந்த குழு, பெட்ரோல் மீது கூடுதல் வரி போட்டுச் சாலைக்கென நிதி திரட்டவும், பொறியாளர்கள் கூடி அறிவைப் பகிர ஒரு பகுதி-அரசு அமைப்பை நிறுவவும் பரிந்துரைத்தது. நிதி 1929-ல் வந்தது. சங்கம் 1934 டிசம்பரில் தில்லியில் கூடியது. தொடக்க உறுப்பினர்கள் 73 பேர். 1937-ல் முறைப்படி பதிவாயிற்று.

அதன் முதல் பெருஞ்சாதனை 1943-ஆம் ஆண்டு நாக்பூர் திட்டம். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று இன்றுவரை நாம் புழங்கும் வகைப்பாடு அங்கே பிறந்ததுதான். சென்னை மாகாணத்தில் 1946-ல் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையாகியது. பின்வந்த பம்பாய், லக்னோ திட்டங்கள் கிலோமீட்டர்க் கணக்கை உயர்த்தின. சிந்தனையில் பெரிய மாற்றம் இல்லை.

தலைவர் பொறுப்பு விசித்திரமானது. ஆண்டுக் கூட்டத்தில் பதவியேற்பவர் பெரும்பாலும் ஏதாவதொரு மாநிலத்தின் தலைமைப் பொறியாளர் அல்லது மத்திய அமைச்சகத்தின் மூத்த பொறியாளர். பதவிக்காலம் ஓராண்டு. மேடை, மாலை, மாநாட்டுரை எல்லாம் அவருக்கு. அன்றாட நிர்வாகம் பொதுச் செயலாளரிடம். உண்மையான அதிகாரம் குழுக்களில் இருக்கிறது. ஒரு விதிநூலைத் தொழில்நுட்பக் குழு வரைய, நெடுஞ்சாலைத் தரநிலைக் குழு திருத்த, செயற்குழுவும் அதன்பின் பேரவையும் ஏற்ற பிறகே அச்சுக்குப் போகும். பாலத்துக்கு இந்த நிதானம் நல்லது. ஐந்து ஆண்டில் பழசாகிவிடும் மென்பொருளுக்கு அது எப்படிப் பொருந்தும்?

சிக்னல் அமைப்பதற்கான ஐ.ஆர்.சி. 93 வெளிவந்தது 1985-ல். மாறும் அறிவிப்புப் பலகைகளுக்கு 2010-ல் வழிகாட்டி வந்தது. நகரச் சாலைகளில் நுண்ணறிவுப் போக்குவரத்து என்பதையே பொருளாகக் கொண்ட சிறப்பு வெளியீடு 110, 2017-ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் உலகம் வெகுதூரம் போயிருந்தது. அமெரிக்கச் சங்கம் 1990-லும் ஐரோப்பாவின் எர்டிகோ 1991-லும் தோன்றின. 1994-ல் பாரிஸில் முதல் உலக மாநாடு நடந்தது. கார் உற்பத்தியாளரும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அச்சங்கங்களின் பலம். ஐ.ஆர்.சி.யின் மேசையில் சாலை போடுகிறவர்களே நிறைந்திருந்தார்கள்.

ஆகவே புது வேலைகள் வேறு கைகளுக்குப் போயின. அரியக்குடியிலிருந்து காரில் திருச்சிக்குப் போகிறவர் லெம்பலக்குடி சுங்கச் சாவடியில் காட்டும் ஃபாஸ்டேக், ஐ.ஆர்.சி. குழு எதிலும் உருவானதன்று. 2010-ல் நந்தன் நிலேகனி தலைமையிலான குழு, ரேடியோ அலையால் வாசிக்கப்படும் ஒட்டுவில்லையைப் பரிந்துரைத்தது. 2014-ல் நடைமுறைக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் கட்டாயமாயிற்று. பணப் பரிமாற்றத்தை தேசியக் கொடுப்பனவுக் கழகம் கவனிக்கிறது. பஸ், டாக்சிகளில் இருப்பிடம் காட்டும் கருவிக்கும் அவசரப் பொத்தானுக்கும் உரிய ஏ.ஐ.எஸ். 140 வாகனத் துறையின் தரநிலை. ஆய்வுப் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் நகரப் போக்குவரத்து உயராய்வு மையம், பேராசிரியர்களின் போக்குவரத்து ஆய்வுக் குழு ஆகியவை வளர்ந்தன. பின்னதன் முதல் மாநாடு 2011-ல் பெங்களூரில் கூடியது.

இவர்களை ஒருங்கிணைப்பதே இத்துறையில் தலைமை என்பதன் பொருள். கடினமும் அங்கேதான். தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் சிக்னல் போக்குவரத்துக் காவல்துறையின் கையில். சாலை மாநகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ சொந்தம். பஸ் அரசுக் கழகத்துடையது. பஸ் வரும்போது சிக்னல் பச்சையாக வேண்டுமென்றால் இந்த எல்லோரும் இசைய வேண்டும். சென்னைக்கென ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் அமைக்க 2010-லேயே சட்டம் வந்தும், அது வேலையைத் தொடங்கப் பல ஆண்டு பிடித்தது.

ஐ.ஆர்.சி. விதிநூல்களுக்குத் தானாகச் சட்ட வலு கிடையாது. ஒப்பந்தத்தில் பெயர் ஏறினால்தான் ஒப்பந்ததாரரைக் கட்டும். 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இந்த நிலையைச் சற்று மாற்றியது. அதன் 136-ஏ பிரிவு சாலைகளை மின்னணுக் கருவிகளால் கண்காணிக்க வழி செய்தது. 198-ஏ பிரிவு, மத்திய அரசு வகுத்த தரத்தை மீறிச் சாலை வடிவமைத்து அல்லது பராமரித்து, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகார அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் எவரானாலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது.