மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின்

அஃப்ளாடாக்சின் என்பது ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிடிக்கஸ் என்னும் பூஞ்சைகள் தானியங்களிலும் எண்ணெய் வித்துகளிலும் உண்டாக்கும் நச்சுப்பொருள். மக்காச்சோளமும் நிலக்கடலையும் இதற்கு எளிதில் ஆட்படுகின்றன. மக்காச்சோளத்தின் வழியாக இந்நச்சு மனிதரைக் கொல்லும் என்பதை இந்தியாவில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது, 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதியில் நேர்ந்த பாதிப்பு. மலேசியா போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளிலும் தானிய, தீவனப் பாதுகாப்பில் இது முக்கியமான ஆய்வுப் பொருளாக உள்ளது.

கண்டறிதல்

1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மர்மமாக மடிந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்தபோது இந்நச்சு வெளிப்பட்டது. இதன் முக்கிய வகைகள் நான்கு. புற ஊதா ஒளியில் பி1, பி2 வகைகள் நீலமாகவும் ஜி1, ஜி2 வகைகள் பச்சையாகவும் ஒளிரும். இவற்றில் பி1 மிகக் கொடியது. நச்சுள்ள தீவனம் தின்ற மாட்டின் பாலில் இது எம்1 என்ற வடிவில் வெளிவரும்.

உடலில் செயல்படும் விதம்

கல்லீரலில் உள்ள நொதிகள் பி1 நச்சை வீரியம் மிக்க வேறொரு சேர்மமாக மாற்றுகின்றன. அது உயிரணுவின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்கிறது. குறுகிய காலத்தில் அதிக அளவு உட்கொண்டால் மஞ்சள் காமாலையும் கல்லீரல் செயலிழப்பும் உண்டாகும். சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உட்கொண்டால் கல்லீரல் புற்றுநோய் வரலாம். ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பன்மடங்கு கூடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இல் அஃப்ளாடாக்சினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது.

1974 பாதிப்பு

ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் 150க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் 1974ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் காமாலை பரவியது. 397 பேர் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். நோயாளிகளுக்குக் காமாலையோடு வயிற்றில் விரைவாக நீர் கோத்தது, கால்கள் வீங்கின. முதல் பார்வைக்கு இது தொற்றுக் காமாலைபோலவே இருந்தது. ஆனால் அதே வீடுகளின் நாய்களும் அதே அறிகுறிகளோடு செத்தன. மனிதரைப் பிடிக்கும் கிருமி நாயையும் ஒரே வேளையில் பிடிப்பது அரிது. நாயும் மனிதரும் தின்ற உணவு ஒன்றுதான்: வீட்டில் இருந்த மக்காச்சோளம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கே.ஏ.வி.ஆர். கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் வி. பட், வி. நாகராஜன், டி.பி.ஜி. திலக் ஆகியோர் இதை ஆராய்ந்து 1975இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். அறுவடை வேளையில் பெய்த பருவம் தவறிய மழையில் கதிர்கள் நனைந்தன. ஈரத்தோடு சேமித்த மணிகளில் பூஞ்சை மண்டியது. பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் ஏழைப் பழங்குடியினர். பூசணம் பிடித்த தானியத்தை ஒதுக்கிவிட்டு உண்ண வேறு தானியம் அவர்களிடம் இல்லை. நோய் கண்ட வீடுகளின் சோளத்தில் கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை நச்சு இருந்தது. தானியங்களுக்கு இன்று இந்தியாவில் உள்ள கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரம்போடு ஒப்பிட்டால் இது 400 முதல் 1,000 மடங்கு. நாளொன்றுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் நச்சை ஒரு மாத காலம் அவர்கள் உட்கொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தனர். அடுத்த ஆண்டுச் சோளத்தில் நச்சின் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தது, நோயும் திரும்பவில்லை.

இதே போன்ற பாதிப்பு 2004இல் கென்யாவில் நேர்ந்தது. ஈரத்தோடு சேமித்த சொந்த விளைச்சல் மக்காச்சோளத்தால் அங்கே 317 பேர் நோயுற்று, 125 பேர் இறந்தனர்.

மலேசியாவில்

1988 அக்டோபரில் பேராக் மாநிலத்தில் சீனர் திருவிழாக் காலத்தில் நூடுல்ஸ் உண்ட 13 குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்தனர். அவர்களின் உடல் திசுக்களில் அஃப்ளாடாக்சின் உறுதிசெய்யப்பட்டது.

மற்றொரு மாநிலமான நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் ரப்பரும் செம்பனையுமே முதன்மைப் பயிர்கள். மக்காச்சோளம் மறுநடவில் இளஞ்செடிகளுக்கு இடையே ஊடுபயிராகவோ, சிறு நிலங்களிலோ விளைவது. பெரும்பாலும் பச்சையாகப் பறித்து அவித்து உண்ணும் இனிப்புச் சோளம். முற்றிக் காய்வதற்கு முன்பே விற்றுத் தீர்வதால் அதில் இந்நச்சுக்கு வாய்ப்புக் குறைவு. ஆபத்து தங்கியிருப்பது தீவனத்தில். கோழித் தீவனத்துக்கான காய்ந்த சோளத்தை மலேசியா ஏறத்தாழ முழுவதும் அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்கிறது. ஆண்டு முழுதும் நிலவும் வெப்பமும் ஈரக்காற்றும் கிடங்கில் பூஞ்சைக்கு ஏதுவானவை.

ஆய்வு முறை

இத்துறையில் சேரும் இளம் ஆய்வாளருக்கு மாதிரி எடுப்பதே கடினமான பாடம். நச்சு மூட்டை முழுதும் சீராகப் பரவியிருக்காது. சில மணிகளில் மட்டும் குவிந்திருக்கும். மேலே அள்ளிய ஒரு பிடி சுத்தமாக இருக்க, அடியில் உள்ள ஒரு பிடி வரம்பைத் தாண்டலாம். அதனால் குத்தூசியை மூட்டையின் பல இடங்களில் செருகி மணிகளை எடுத்து, ஒன்றாகக் கலந்து, முழுவதையும் மாவாக அரைத்த பிறகே சோதனைக்குச் சிறிதளவு பிரிப்பார்கள். மெத்தனாலும் நீரும் கலந்த கரைசலில் நச்சைக் கரைத்தெடுத்து, திரவ நிறப்பிரிகை முறையால் அளப்பார்கள். விரைவுச் சோதனைக்கு எலைசா முறை உண்டு. கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது: பூசணம் தெரியாத மணியிலும் நச்சு இருக்கும்.

தடுப்பு

வழக்கமான சமையல் சூட்டில் அஃப்ளாடாக்சின் முழுவதும் அழிவதில்லை. எனவே உண்டான பின் நீக்குவதைவிட உண்டாகாமல் தடுப்பதே வழி. மணியின் ஈரத்தை 13 விழுக்காடு அளவுக்கு உலர்த்துதல், தரையில் படாமல் தார்ப்பாயில் காயவைத்தல், பூச்சி அரித்த மணிகளைப் பொறுக்கி ஒதுக்குதல், காற்றுப் புகாத பைகளில் சேமித்தல் ஆகியவை அடிப்படை நடவடிக்கைகள். ஆப்பிரிக்காவில் நச்சு உண்டாக்காத ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் வகைகளை வயலில் தூவி, நச்சு வகைக்கு இடமில்லாமல் செய்யும் அஃப்ளாசேஃப் என்னும் முறை பயன்பாட்டில் உள்ளது. கோழித் தீவனத்தில் பென்டோனைட் களிமண் சேர்த்து நச்சை ஈர்த்துக்கொள்ளச் செய்வதும் உண்டு. சேமித்து உண்ணும் வீடுகளுக்கு இவை மட்டும் போதா. நனைந்த விளைச்சலைக் காயவைக்க வசதியும், அது கெட்டுப்போனால் மாற்றுத் தானியமும் கிடைக்காதவரை, கெட்டது தெரிந்தாலும் அதையே உண்ணும் நிலைதான் நீடிக்கும்.