ரைன் நதியும் டுசல்டார்ஃப் கிணறுகளும்

கலங்கி ஓடும் ஆற்றின் ஓரத்தில் மணலைத் தோண்டினால் சற்று நேரத்தில் தெளிந்த நீர் ஊறி வரும். ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். இந்த எளிய உண்மையை நம்பி ஒரு பெரிய தொழில் நகரம் 150 ஆண்டுகளுக்கும் மேலாகத் தண்ணீர் குடித்து வருகிறது. அது ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள டுசல்டார்ஃப்.

இம்முறைக்கு ஆற்றங்கரை வடிகட்டல் என்று பெயர். ஆற்றிலிருந்து சற்றுத் தள்ளிக் கிணறுகள் வெட்டி நீரை இறைக்கும்போது கிணற்றின் நீர்மட்டம் ஆற்றின் மட்டத்தை விடத் தாழ்கிறது. அதனால் ஆற்று நீர் மணலுக்கும் சரளைக்கும் இடையே புகுந்து கிணற்றை நோக்கி மெல்ல நகர்கிறது. டுசல்டார்ஃபில் இந்தப் பயணத்துக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகிறது. வழியில் வண்டல் தங்கிவிடும். நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை மணலில் ஒட்டிக்கொண்டு அழிந்துபோகும். மணலில் வாழும் நுண்ணுயிரிகள் மக்கும் கழிவுகளைத் தின்று தீர்த்துவிடும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1810-லேயே கிளைட் ஆற்றின் கரையோரமாகத் துளையிட்ட குழாய் பதித்து இப்படி நீர் எடுத்தார்கள். டுசல்டார்ஃபில் 1870-ல் ஃப்ளேஹே என்ற இடத்தில் கரையோரக் கிணறுகளுடன் நீர்நிலையம் தொடங்கியது. இது எவ்வளவு முக்கியமான முடிவு என்பதை இன்னொரு ஜெர்மன் நகரத்தின் கதை காட்டும். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்ட ஹாம்பர்க் நகரில் 1892-ல் காலராவுக்கு 8,000-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

டுசல்டார்ஃபில் ஏறத்தாழ 1950 வரை கிணற்று நீருக்குக் கிருமிநீக்கம் தவிர வேறு சுத்திகரிப்பு தேவைப்படவில்லை. அதன்பிறகு நிலைமை மாறியது. தொழிற்சாலைக் கழிவும் நகரச் சாக்கடையும் ரைனில் பெருகின. ஆற்று நீரில் ஆக்சிஜன் குறைந்தது. மணலுக்குள் ஆக்சிஜன் இல்லாமல் போனதால் இரும்பும் மாங்கனீசும் கரைந்து கிணற்று நீரில் கலந்தன. மணலில் மக்காத சில ரசாயனங்களும் கிணறு வரை வந்து சேர்ந்தன. கரையால் மட்டும் முடியாது என்று தெரிந்ததும் ஓசோன், கரி வடிகட்டி ஆகியவற்றை நீர்நிலையத்தில் சேர்த்தார்கள்.

பெரிய சோதனை 1986 நவம்பர் 1 அன்று வந்தது. சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த நீரோடு டன் கணக்கில் பூச்சிமருந்து ரைனில் கலந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. கீழே கரையோரம் இருந்த பல நீர்நிலையங்கள் நீர் எடுப்பதை நிறுத்தின. ஆற்றிலிருந்து நேரடியாக எடுப்பவர்களுக்குக் கிடைக்காத ஒன்று கரையோரக் கிணறுகளுக்குக் கிடைத்தது. அது கால அவகாசம். இறைப்பதை நிறுத்தினால் நிலத்தடி நீர் மீண்டும் ஆற்றை நோக்கிச் சாயும். விஷம் கிணற்றை எட்டுவதற்குள் ஆறு அதை அடித்துச் சென்றுவிடும்.

இந்த விபத்துக்குப் பின் ரைன் கரை நாடுகள் விழித்துக்கொண்டன. 1987-ல் ரைன் செயல் திட்டம் ஏற்கப்பட்டது. ஆற்றில் விடப்படும் கழிவு குறைந்தது. 1990-களில் சால்மன் மீன்கள் ரைனுக்குத் திரும்பத் தொடங்கின. டுசல்டார்ஃப் குடிநீரின் பெரும்பகுதி இன்றும் அந்தக் கரையோரக் கிணறுகளிலிருந்துதான் வருகிறது.

ஆற்று மணல் மனிதனுக்கு இலவசமாகக் கிடைத்த வடிகட்டி. ஆனால் ஆற்றில் எதை வேண்டுமானாலும் கொட்டிவிட்டு, மணல் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. டுசல்டார்ஃப் இந்தப் பாடத்தைக் கற்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.