ஐன்ஸ்டைன் விதியைச் சோதித்த டொராண்டோ ஆய்வாளர்கள்
பிரபஞ்சம் மேன்மேலும் வேகமாக விரிவடைகிறது என்பது 1998இல் தெரியவந்தது. இதற்குக் காரணம் புலப்படாத 'இருண்ட சக்தி'யா, அல்லது பெருந்தொலைவுகளில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியே பொருந்தாது போகிறதா? ஈர்ப்பு விசை வேறொரு பரிமாணத்துக்குள் கசிகிறது என்றது, 2000இல் துவாலி உள்ளிட்ட மூவர் முன்வைத்த 'டிஜிபி' கோட்பாடு. இருண்ட சக்தியே தேவையில்லை என்பதால் அது பலரைக் கவர்ந்தது.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ரே கார்ல்பெர்க் முதலானோர் பங்கேற்ற கனடா-பிரான்ஸ் கூட்டு ஆய்வு, 2003 முதல் ஹவாய் தொலைநோக்கியால் வெடித்துச் சிதறும் விண்மீன்களைத் தேடியது. இவ்வகை வெடிப்புகளின் உண்மையான ஒளி ஏறத்தாழ ஒரே அளவு. எனவே எவ்வளவு மங்கலோ, அவ்வளவு தொலைவு. முதலாண்டின் 71 வெடிப்புகள் ஐன்ஸ்டைனின் மாறிலியுடன் ஒத்துப்போயின. விண்மீன் மண்டலங்களின் பரவலையும் சேர்த்துக் கணித்தபோது டிஜிபியின் எளிய வடிவம் தேறவில்லை.

எனினும், இருண்ட சக்தி வலுவிழந்து வரக்கூடும் என 'டெசி' ஆய்வு 2024இலும் 2025இலும் கோடிகாட்டியுள்ளதால் அக்கேள்வி மீண்டும் எழுந்துள்ளது.