ஈடனின் பித்தப்பையும் சூயெஸ் நெருக்கடியும்

1953 ஆம் ஆண்டு ஏப்பிரல் 12 ஆம் நாள் பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் அந்தனி ஈடனின் பித்தப்பை இலண்டனில் சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்டது. நாள்தோறும் பலருக்குச் செய்யப்படும் சிகிச்சையே அது. ஆயினும் அன்று நேர்ந்த தவறொன்று, அவர் பிரதமராவதைப் பிற்படுத்தியது என்றும், சூயெஸ் நெருக்கடியில் அவரது மதியைக் கலக்கியது என்றும் பின்னர் வாதிக்கப்பட்டு வந்துள்ளது. ஒருவரின் உடல்நோயை ஓர் அரசின் செயலுக்குக் காரணமாகக் கொள்ளலாமா என்னும் வினாவை ஆராய இதனினும் தக்க எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஈரலின் கீழ்ப்புறத்தே ஒட்டியிருக்கும் சிறிய பையே பித்தப்பை. ஈரல் சுரக்கும் பித்தத்தைச் சேர்த்துச் செறிவித்து, கொழுப்புணவு குடலை அடையும்போது வெளிவிடுவது அதன் தொழில். அதனுள் உண்டாகும் கற்கள் பலரிடத்து வாழ்நாள் முழுதும் எவ்விதத் தொல்லையுமின்றிக் கிடப்பதுண்டு. கல்லொன்று பையின் வாயிலை அடைக்கும்போதே வலி தோன்றுகிறது. வயிற்றின் வலப்புற மேற்பகுதியிலோ நெஞ்சுக் குழியிலோ தொடங்கி, முதுகுக்கும் வலத் தோளுக்கும் பரவி, மணிக்கணக்கில் நீடித்து, வாந்தியோடு கூடி, பின்னர் தானாகவே தணியும். தணிவதனாலேயே அது ஏமாற்றுகிறது. சமிபாட்டுக் கோளாறென்றும் வாயுவென்றும் கருதி அடுத்த தாக்கம் வரை மறந்திருப்போர் பலர். கல் பித்தக்கானுள் இறங்கி வழியை அடைப்பின் கண்ணும் தோலும் மஞ்சளிக்கும். அடைபட்ட கானில் கிருமி தொற்றினால் நடுக்கத்துடன் கடுங்காய்ச்சல் காணும். இவ்விரு குறிகளும் தோன்றியபின் காலம் தாழ்த்துதல் உயிருக்கே ஊறாகும்.

இவ்வலிக்குக் காரணமான உறுப்பையே அகற்றிவிடலாம் என்னும் துணிவு வைத்திய உலகுக்கு நெடுங்காலம் வரவில்லை. 1867 இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஜோன் பொப்ஸ் என்பவர் வேறு கட்டியென எண்ணி வயிற்றைத் திறந்து, பித்தப்பையைக் கண்டு, கற்களை எடுத்தபின் பையைத் தைத்து உள்ளேயே விட்டார். கற்களை நீக்கினாற் போதும் என்பதே அக்காலக் கருத்து. பேர்லின் நகரின் லாசரஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த கார்ல் லாங்கன்புக் இதனை ஏற்கவில்லை. பை இருக்கும் வரை கற்கள் மீண்டும் உருவாகும் என்று அவர் வாதித்தார். பித்தப்பை நீக்கப்பட்ட நாய்கள் உயிர்வாழ்ந்ததைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே சிலர் காட்டியிருந்தனர். யானைக்கும் குதிரைக்கும் அவ்வுறுப்பே இல்லை. பிணங்களில் பயின்று தேர்ந்தபின் 1882 யூலை 15 இல் அவர் ஒரு நோயாளியின் பித்தப்பையை முழுமையாக அகற்றினார். பதினாறு ஆண்டுகள் வலியால் வருந்தி, மோர்பின் மருந்துக்கு அடிமையாகி, உடல் மெலிந்து போயிருந்த நாற்பத்துமூன்று வயதினர் அவர். ஆறு வாரங்களில் குணமடைந்து வீடு திரும்பினார். ஈடனுக்குச் சிகிச்சை நடந்த காலத்தில் இம்முறைக்கு எழுபது ஆண்டு அனுபவம் இருந்தது.

ஈடனின் வயிறு பழுதறியாத வயிறன்று. 1945 இல் முன்சிறுகுடற் புண்ணால் வருந்தினார். 1948 இல் அவரது குடல்வால் அகற்றப்பட்டது. இத்தகைய வரலாறுடைய வயிற்றில் எந்த வலி எவ்வுறுப்புக்கு உரியது எனப் பிரித்தறிவது எளிதன்று. ஓயாப் பயணமும் இரவு பகலற்ற அலுவலும் கொண்ட அவர், வலிநீக்கி மருந்துகள் அடங்கிய சிறு பெட்டியொன்றை உடன்கொண்டு செல்லும் வழக்கமுடையவர். வலியுடன் மஞ்சளிப்பும் கூடிய பின்னரே பித்தப்பைக் கல் என்பது ஐயமற உறுதியாயிற்று. அவருடைய வைத்தியர் ஹொரஸ் எவன்ஸ் இத்துறையில் தேர்ந்த மூவரைக் குறிப்பிட்டார். ஈடனோ, முன்பு தம் குடல்வாலை அகற்றியவரே இதனையும் செய்ய வேண்டுமென்றார். அறிமுகமான கை என்பதில் நோயாளிக்கு உண்டாகும் நம்பிக்கை இயல்பானதே. நம் ஊர்களில் இதே தெரிவைச் செய்யாத குடும்பம் அரிது. ஆனால் குடல்வாலை நீக்குவது வேறு, பித்தக்கானும் ஈரற் குருதிக்குழாய்களும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் கத்தி வைப்பது வேறு. நோயாளி எத்துணை முக்கியமானவர் என்பதைப் பிரதமர் சேர்ச்சில் முன்கூட்டியே சத்திரசிகிச்சையாளருக்கு வற்புறுத்தினார் என்றும், அதனால் அவர் பதற்றமுற்றார் என்றும் கூறப்படுகிறது. சாதாரண எழுதுவினைஞர் ஒருவருக்கு இப்பதற்றத்தின் இடர் நேர்ந்திராது.

அன்று பித்தக்கான் ஊறுபட்டது. ஏப்பிரல் 29 இல் மீண்டும் வயிறு திறக்கப்பட்டது. நிலை முற்றாகச் சீர்ப்படவில்லை. பித்தக்கான் சீரமைப்பில் பெயர்பெற்ற அமெரிக்கர் றிச்சாட் கற்றெல் ஈடனைப் பரிசோதித்து, பொஸ்ரன் நகரிலேயே சிகிச்சை நடைபெற வேண்டும் என்றார். யூன் 10 இல் அங்கு மூன்றாம் சத்திரசிகிச்சை நடைபெற்றது. அதன் பின் பதின்மூன்றாம் நாள், யூன் 23 இல், எழுபத்தெட்டு வயதான சேர்ச்சில் பாரிசவாதத்தால் தாக்கப்பட்டார். செய்தி மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. வழித்தோன்றலாகக் கருதப்பட்டவர் கடலுக்கு அப்பால் நோய்ப்படுக்கையிற் கிடந்தார். சேர்ச்சில் தேறி, 1955 ஏப்பிரல் வரை பதவியில் நீடித்தார்.

சீரமைத்த கான் சுருங்கிப் பித்தம் தேங்குமாயின் நடுக்கக் காய்ச்சல் மீளும். 1956 ஒக்ரோபர் 5 இல் இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் மனைவியைப் பார்க்கச் சென்றிருந்த ஈடன் அங்கேயே நோயுற்றார். உடல் வெப்பம் 106 பாகை பரனைற்றை எட்டியது. ஒன்பது நாட்களின் பின், ஒக்ரோபர் 14 இல், இஸ்ரேல் எகிப்தைத் தாக்க, பிரித்தானியாவும் பிரான்சும் சமாதானம் செய்வோர் போல நுழைந்து கால்வாயைக் கைப்பற்றும் திட்டத்தைப் பிரெஞ்சுத் தூதுவர் இருவர் அவரிடம் முன்வைத்தனர். அவர் அதனை வரவேற்றார். தூக்க மருந்தும், மனத்தை ஊக்குவிக்கும் அம்பெற்றமின் கலந்த மாத்திரையும் அவர் அக்காலத்தில் உட்கொண்டார். நவம்பரில் படையெடுப்பு நிகழ்ந்தது. அமெரிக்காவின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது.

காய்ச்சலே போருக்குக் காரணம் எனக் கூறுவோரின் வாதம் இந்நாட்களின் நெருக்கத்தையே ஆதாரமாகக் கொள்கிறது. இது பொருத்தமாகத் தோன்றவில்லை. நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கிய 1956 யூலை 26 இலிருந்தே படைபலத்தைப் பயன்படுத்தும் எண்ணம் ஈடனுக்கு இருந்தது. அது ஒக்ரோபர்க் காய்ச்சலுக்கு இரண்டு மாதங்கள் முற்பட்டது. பிரெஞ்சுப் பிரதமர் மொலேக்குப் பித்தக்கான் பழுதடைந்திருக்கவில்லை. அவரும் அதே முடிவுக்கே வந்தார். ஈடனின் அமைச்சர்களுட் பெரும்பாலோர் உடல்நலத்துடனேயே உடன்பட்டனர். இவற்றினும் வலிய சான்று 1954 இல் உண்டு. பழுதுபட்டுத் தைக்கப்பட்ட அதே கானுடன்தான் ஈடன் ஜெனீவா மாநாட்டில் மொலற்றோவுடன் இணைத்தலைவராக வீற்றிருந்து, இந்தோசீனப் போர்நிறுத்தத்துக்கு வழிகண்டார். அவ்வேளை கொழும்பிற் கூடிய ஐந்து ஆசியப் பிரதமர்களுடன் தொடர்புகொண்டு அவர்தம் கருத்தையும் மதித்தார். இரண்டே ஆண்டுகளில், 1956 ஓகஸ்ற் இலண்டன் மாநாட்டில், கால்வாயைப் பன்னாட்டு நிருவாகத்துக்குள் கொணரும் திட்டத்தை இலங்கை, இந்தியா, இந்தோனேசியா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் ஏற்க மறுத்தபோது அந்தச் செவிசாய்ப்பு இல்லாது போயிற்று. பேரரசு கைநழுவுவதை ஏற்க மறுத்த தலைமுறையொன்றின் மனநிலையைப் பித்தத்தின் மேல் ஏற்றுவது, அக்கொள்கைக்கு உடன்பட்ட ஏனையோரை எளிதில் விடுவித்துவிடும்.

எனினும் நோயை முற்றாகத் தள்ளவும் இயலாது. இஸ்ரேலின் தாக்குதல் தமக்கு முன்னர் தெரியாது என 1956 டிசம்பர் 20 இல் பாராளுமன்றத்திற் கூறியமை, தேர்ந்த இராசதந்திரி ஒருவருக்கு ஒவ்வாத செயலாகும். களைப்பும் உறக்கமின்மையும் மாத்திரைகளும் முடிவின் திசையை மாற்றாவிடினும், அதனை மறைத்த முறையிலும் அவசரத்திலும் பங்கு கொண்டிருக்கக்கூடும்.

1957 சனவரி 9 இல் உடல்நலத்தைக் காரணங்காட்டி ஈடன் பதவி துறந்தார். அக்காரணம் பொய்யன்று, அரசியலுக்கு வசதியாகவும் இருந்தது. நியூசிலாந்து நோக்கிக் கப்பலேறிச் சென்றவருக்குக் காய்ச்சல் மீண்டது; அங்கிருந்து பொஸ்ரன் சென்று, ஏப்பிரலில் கற்றெலிடம் மறுபடியும் சத்திரசிகிச்சை பெற்றார். 1970 இல் இன்னுமொன்று தேவைப்பட்டது. பதவி துறந்தபின் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1977 சனவரி 14 இல் காலமானார்.